சுவரில் வற்றிய கடல்

1941ஆம் வருடம் மார்ச் மாதம், லண்டனில் வெங்காயம் அடியோடு காணாமல் போன அதே வாரத்தில், அரசாங்கத்தின் ரகசிய நிலத்தடித் தலைமையகத்தின் சுவரில் ஒட்டியிருந்த அட்லாண்டிக் பெருங்கடல் கசியத் தொடங்கியது. வெங்காயத்தைப் பற்றிப் பத்திரிகைகளுக்குக் கோபமாகக் கடிதங்கள் போயின. கடலைப் பற்றி யாரும் எழுதவில்லை. வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு சாதாரண அலுவலகக் கட்டடத்துக்கு அடியில் அப்படியொரு இடம் இருப்பதே, அங்கே வேலை பார்த்தவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர்களும் தெரியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கசிவை முதலில் கண்டவர் வரைபட அறையின் பொறுப்பில் இருந்த கமாண்டர் பென்ஹாலோ. அயர்லாந்துக்கு மேற்கே ஒரு கப்பல் கூட்டத்தின் குண்டூசியை நகர்த்தக் கையை நீட்டியவர், சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருப்பதைப் பார்த்தார். நாக்கில் தொட்டுப் பார்த்தார். உப்பு. தன் பொறுப்பில் உள்ள கடல் ஒழுகுகிறது என்று முதலில் சொல்லும் கடற்படை அதிகாரிக்குப் பதவி உயர்வு வராது என்பது அவருக்குத் தெரியும். வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து, மழைக்கோட்டோடு வேலையைத் தொடர்ந்தார். மறுநாள் மற்ற அதிகாரிகளும் மழைக்கோட்டோடு வந்தார்கள். யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்த இடத்தை உள்ளே இருந்தவர்கள் பொந்து என்றார்கள். மேலே குண்டு விழும்போது தேநீர்க் கோப்பைகள் தட்டுகளில் கிலுகிலுக்கும். குழாய் வழியாக வந்த காற்றில் வேகவைத்த முட்டைக்கோஸும் நேற்றைய சிகரெட்டும் கலந்திருக்கும். வெயிலைக் காணாமல் ஊழியர்கள் வெளுத்துப்போகக் கூடாதென்று, தட்டச்சுப் பெண்களை வாரம் ஒருமுறை கறுப்புக் கண்ணாடி மாட்டிச் சூரிய விளக்குகளின் முன்னால் நிற்கவைத்தார்கள். வெளியே மழையா வெயிலா என்று தெரியாத அந்த இடத்தில், தாழ்வாரத்தில் ஒரு பலகை மாட்டி அன்றன்றைய வானிலையை எழுதுவது கட்டடப் பராமரிப்பு அதிகாரி மிஸ்டர் ராக்கின் வேலை. மார்ச் கடைசியில் அவர் அந்தப் பலகையில் இன்னொரு வரியையும் சேர்த்தார். வெளியே: மேகமூட்டம். உள்ளே: மிதமான அலை.

தட்டச்சுப் பெண்களில் ஒருத்தி டார்கஸ் ஹெப்டன். லண்டனின் தென்கிழக்கே உள்ள எங்கள் தெப்ட்ஃபோர்டுக்காரி. அப்போது அவளுக்கு முப்பத்துநான்கு வயது. வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு மேஜர் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வெளியே ஒரு சொல் பேசினால் தூக்குதான் என்பதை, பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்வது போல அன்பாகச் சொல்லியிருந்தார். அதனால் வீட்டில் பட்டன் தொழிற்சாலையில் வேலை என்று சொல்லி வைத்திருந்தாள். மாமியார் அகதா அதை ஒருநாளும் நம்பவில்லை.

"ஏம்மா டார்கஸ், பட்டன் பண்றேன் பட்டன் பண்றேன்னு ஒரு வருஷமா போற. ஒரே ஒரு பட்டன் வீட்டுக்கு வந்திருக்கா? என் கோட்டுல மூணு பட்டன் இல்ல."

"அதெல்லாம் ராணுவத்துக்குப் போற பட்டன், அத்தை."

"ராணுவம் பட்டன் போட்டுக்கிட்டு நிக்குது, நான் திறந்துபோட்டுக்கிட்டு நிக்கிறேன். அது சரி, மார்ச் மாசத்துல உனக்கு மட்டும் மூக்கு எப்படி வெயில்ல கறுத்துச்சு?"

டார்கஸ் தலையைக் குனிந்துகொண்டு உருளைக்கிழங்கைத் தோலுரிப்பாள்.

அவள் கணவன் ஜெம், கோரி பெல் என்ற சரக்குக் கப்பலில் சமையல்காரன். கனடாவிலிருந்து மாவும் டின் இறைச்சியும் ஏற்றிக்கொண்டு வரும் பழைய கப்பல் அது. ஜெம் எங்கே இருக்கிறான் என்பது அவனுடைய அம்மாவுக்குத் தெரியாது, தெருவில் யாருக்கும் தெரியாது, பல சமயம் ஜெம்முக்கே தெரியாது. டார்கஸுக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு நாளும் காலை அறிக்கையை அவள்தான் தட்டச்சு செய்தாள். கசிவு தொடங்கிய பிறகு, ஏதாவது தாளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் வரைபட அறைக்குப் போய், அவனுடைய கப்பல் கூட்டத்தின் குண்டூசிக்குப் பக்கத்தில் காதை வைத்துப் பார்ப்பாள். தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்கும். ஒருமுறை யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டுத் திட்டுவது கேட்டது. குரலை வைத்து அது ஜெம்தான் என்று நிச்சயமாகத் தெரிந்ததால் அன்று முழுக்க அவள் சந்தோஷமாக இருந்தாள். கமாண்டர் பென்ஹாலோ இதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். அவரே தனியாக இருக்கும்போது அந்தச் சுவரில் காதை வைப்பது வழக்கம்.

ஏப்ரலில் கடலுக்கு ஏற்ற இறக்கம் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலை பொங்கித் தரைவிரிப்பு நனையும். யார் துடைப்பது என்ற கேள்வி எழுந்தது. சுவர் ஒழுகினால் அது பராமரிப்புத் துறையின் பொறுப்பு, ஆனால் ஒழுகுவது கடலாக இருந்தால் அது கடற்படையின் பொறுப்பு என்று மிஸ்டர் ராக் வாதாடினார். சுவரைத் தாண்டி வந்த பிறகு அது கடல் இல்லை, வெறும் ஈரம் என்று கடற்படை பதில் அனுப்பியது. ஒரு வழியாகத் துடைக்க ஆள் கிடைத்ததும் அடுத்த கேள்வி வந்தது: துடைத்த தண்ணீரை எங்கே கொட்டுவது? அந்தத் தண்ணீரில் கப்பல்கள் போகும் பாதை இருக்கிறது, சாக்கடையில் விட்டால் தேம்ஸில் கலந்து எதிரியின் கையில் போய்ச் சேரும் என்று பாதுகாப்பு அதிகாரி எச்சரித்தார். எனவே அட்லாண்டிக் முழுவதும் அதிரகசியம் என்று முத்திரையிடப்பட்ட தீயணைப்பு வாளிகளில் பிடிக்கப்பட்டு, ஊழியர்கள் குனிந்து நுழைந்து படுத்துறங்கும் தாழ்வான கீழ்த்தளத்தில் வரிசையாக அடுக்கப்பட்டது. அங்கே தூங்கியவர்களுக்குக் கப்பல் கனவுகள் வந்தன. இரண்டு பேருக்குக் கடல் மயக்கத்துக்காக விடுப்பு கொடுத்தார்கள்.

இப்படியே போயிருக்கும். ஆனால் மே மாதம் லார்ட் வெதர்டன் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. உணவு சம்பந்தப்பட்ட ஏதோ ஒரு பெரிய குழுவின் தலைவர் அவர். நனைந்த கால் என்றால் அவருக்கு ஆகாது. அவர் வருவதற்குள் வரைபட அறை காய்ந்திருக்க வேண்டும் என்று மேலிடத்து ஆணை. மிஸ்டர் ராக், பெண்களின் சூரிய விளக்குகள் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வந்து மேற்குச் சுவரைப் பார்த்து நிறுத்தி, இரண்டு நாள் எரியவிட்டார். முதல் நாள் அறை முழுக்க நீராவி. இரண்டாம் நாள் கடல், குளியல் தொட்டியில் தண்ணீர் இறங்குவது போல ஒரு சத்தம் போட்டு, வற்றிப்போனது. சுவரில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. தரையில் சீரகத்தைவிடச் சிறிய மீன்கள் காய்ந்து கிடந்தன. மிஸ்டர் ராக் அவற்றைப் பெருக்கித் தள்ளினார். லார்ட் வெதர்டன் வந்தார், சுவரை விரலால் தடவிப் பார்த்தார், "நல்லா காய்ஞ்ச சமுத்திரம்" என்று பாராட்டினார், ஒரு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று பிற்பகலில் ஜெம்மின் கப்பல் கூட்டத்திலிருந்து கம்பியில்லாத் தந்தி வந்தது. அதைத் தட்டச்சு செய்தவள் டார்கஸ். அயர்லாந்துக்கு மேற்கே நடுக்கடலில் தரை தட்டி நிற்கிறோம், நான்கு பக்கமும் சேறு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர் இல்லை, என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தார்கள். அவள் ஒரு சொல்லும் பிசகாமல் தட்டச்சு செய்து முடித்துவிட்டு, கழிப்பறைக்குப் போய் வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து நகல்களை எடுத்தாள்.

பொந்தில் அந்தச் செய்தி பெரிய பரபரப்பை உண்டாக்கியது, ஆனால் டார்கஸ் எதிர்பார்த்த காரணத்துக்காக இல்லை. தரைப்படையின் கர்னல் ஸ்டக்லி மறுநாள் காலையிலேயே வரைபட அறைக்கு வந்து நின்றார். தண்ணீர் இருந்தால்தான் அது கடல், தண்ணீர் இல்லையென்றால் அது நிலம், நிலம் என்றால் அது தரைப்படைக்குச் சொந்தம் என்பது அவருடைய கட்சி. அட்லாண்டிக்கை ஒப்படைக்கும்படி எழுத்துமூலம் கேட்டார். இவ்வளவு அகலமான காலி மைதானத்தில் டாங்கிகளை எவ்வளவு அழகாக ஓட்டலாம் என்று பச்சைப் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். கமாண்டர் பென்ஹாலோவின் மேசையைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். இருபத்தைந்து வருடம் கடலில் கழித்த மனிதர், கழிப்பறைக்கு எதிரே உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் இரண்டாவது தந்தி வந்தது. கப்பல்களில் குடிதண்ணீர் தீர்ந்துகொண்டிருக்கிறது. சில ஜெர்மன் நீர்மூழ்கிகளும் அதே சேற்றில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கின்றன, அவற்றின் ஆட்கள் வெளியே வந்து வெறுமனே உட்கார்ந்திருக்கிறார்கள். உடனே பதில் வேண்டும். கர்னல் அதன் ஓரத்தில் "பொறுமை காக்கவும்" என்று எழுதி, விவாதிக்க ஒரு கூட்டத்துக்கு நாள் குறித்தார்.

டார்கஸ் தாழ்வாரத்தில் கமாண்டரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், கீழ வாளியில தண்ணி அப்படியே இருக்கு. எடுத்துத் திருப்பி ஊத்திட்டா என்ன?"

"மெதுவா பேசுங்க, மிஸஸ் ஹெப்டன். அது இப்போ தரைப்படையோட நிலம். அதுல தண்ணி ஊத்தினா அத்துமீறல்."

"மனுஷங்க தாகத்துல கிடக்கிறாங்க, சார்."

அவர் பென்சிலைச் சீவுவதை நிறுத்தினார். "தண்ணி வந்தா நம்ம கப்பல் மட்டும் மிதக்காதும்மா. அவங்க நீர்மூழ்கியும் மிதக்கும். அது பக்கத்துலயேதான் கிடக்குது. மிதந்ததும் அது என்ன செய்யும்னு உங்களுக்கே தெரியும்."

"ஊத்தலைன்னா?"

"ஊத்தலைன்னா ரெண்டு பக்கமும் சாவும். கர்னல் அதை வெற்றின்னு எழுதுவார்."

தன் புருஷன் அந்தக் கப்பலில் இருக்கிறான் என்று அவரிடம் அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இருக்கவில்லை. எந்தக் குண்டூசிக்குப் பக்கத்தில் அவள் காதை வைப்பாள் என்பது அவருக்குத் தெரியும்.

கூட்டம் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல். கமாண்டரைத் தவிர, பொந்தில் தோளில் பட்டை வைத்திருந்த எல்லோரும் பக்கத்து அறையில் கூடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தேநீர் கொண்டுபோகும் பெண்ணுக்குக் காய்ச்சல் என்பதால் அன்று தேநீர் டார்கஸின் பொறுப்பாகிவிட்டது. அவள் ஒரு சுற்று ஊற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். கையில் இருந்தது நாற்பது பேருக்குத் தேநீர் பிடிக்கும் பெரிய தகரக் கெண்டி. அடியில் கொஞ்சம் தேநீரும் இலையும் மிச்சமிருந்தன. கழுவ நேரமில்லை. கீழ்த்தளத்துக்குப் போய், குனிந்து, முதல் வாளியைக் கெண்டியில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

வாளியோடு வீசியடித்திருந்தால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் ஜெம் கப்பலில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை, நண்டு கிடைக்குமா என்று பார்க்க நிச்சயம் கீழே இறங்கியிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. அதனால் கெண்டியின் மூக்கைச் சுவரோடு ஒட்டி வைத்து, குழந்தைக்குத் தலையில் தண்ணீர் விடுவது போல, சன்னமாக ஊற்றினாள். உப்பு கரைந்தது. காகிதம் முதலில் சாம்பல் நிறமாகி, பிறகு கருநீலமானது. அவள் படி இறங்கி ஏறினாள், மறுபடி இறங்கி ஏறினாள். காலணி நனைந்து வழுக்கியதால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் காலோடு நடந்தாள்.

கமாண்டர் பென்ஹாலோ வாசலில் வந்து நின்றதை அவள் அப்புறம்தான் பார்த்தாள். கெண்டியைக் கீழே வைக்கவில்லை. அவர் அறைக்குள் வந்து, கதவைச் சாத்தி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ச் சுவரில் இருந்த ரஷ்யாவை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

"நான் எதையும் பார்க்கலை," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா வடக்குப் பக்கம் இன்னும் கொஞ்சம். அங்க ஆழம் ஜாஸ்தி."

பாதி வேலையில் அவள் கை ஓய்ந்தபோது, ரஷ்யாவைப் பார்த்தபடியே வாசல் வரை பின்னால் நகர்ந்து, கீழிருந்து வாளிகளைத் தூக்கி வந்து கொடுத்தார். பக்கத்து அறையிலிருந்து கர்னலின் குரல் சுவரைத் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. நடுக்கடலில் ராணுவ உணவகம் எந்த இடத்தில் அமைய வேண்டும் என்று அவர்கள் வாக்கெடுப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள். கடைசி வாளியை ஊற்றி முடித்ததும் டார்கஸ் சுவரில் காதை வைத்தாள். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு எங்கோ ஓர் எஞ்சின் இருமியது, நின்றது, மறுபடி இருமி ஓடத் தொடங்கியது. கமாண்டர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

கதவு திறந்து எல்லோரும் வெளியே வந்தபோது அலை கர்னலின் கணுக்காலில் மோதியது. பிறகு அவர்கள் எல்லோரும் திரும்ப உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மாலைக்குள் ஒரு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: அட்லாண்டிக் பெருங்கடல் தன் பழைய நிலைக்கு உடனடியாகத் திரும்ப வேண்டும். தேதி மட்டும் முந்தின நாள் தேதி. அதையும் டார்கஸ்தான் தட்டச்சு செய்தாள். விரைவான முடிவெடுத்ததற்காகக் கர்னல் ஸ்டக்லிக்கு அந்த வருடமே ஒரு பதக்கம் கிடைத்தது. தேநீர்க் கெண்டியை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தியதற்காகவும், வேலை நேரத்தில் காலணி இல்லாமல் இருந்ததற்காகவும் டார்கஸுக்கு ஒரு கண்டனம் கிடைத்தது. கமாண்டரின் மேசையைப் பழைய இடத்திலேயே போட்டார்கள். அவர் அதற்குப் பிறகு மழைக்கோட்டு போடவில்லை, நனைந்துகொண்டே வேலை பார்த்தார்.

அந்த வாரக் கடைசியில், மிதந்து கிளம்பிய அதே கப்பல் கூட்டத்தில் இரண்டு கப்பல்களை நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. கோரி பெல் அவற்றில் ஒன்று அல்ல. டார்கஸ் அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்யும்போது, தப்புவிட்டுத் தப்புவிட்டு மூன்று தாள்களைக் கிழித்துப் போட வேண்டியிருந்தது. ஒரு தட்டச்சுப் பெண் அவ்வளவு தாளை வீணாக்கக் கூடாது என்று மிஸ்டர் ராக் கடிந்துகொண்டார்.

ஜெம் ஜூன் மாதம் வீட்டுக்கு வந்தான். இளைத்திருந்தான், தாடி வளர்ந்திருந்தது. அம்மாவையும் மனைவியையும் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னான். ஒரு மத்தியானம் கடல் அப்படியே கீழே இறங்கியது, கப்பலும் அதோடு அடைகாக்கும் கோழியைப் போல மெதுவாக உட்கார்ந்தது, நான் கயிற்றேணியில் இறங்கி அட்லாண்டிக்கின் அடியில் நடந்தேன், ஒரு பாதாள மலைக்குப் பின்னால் நண்டு பொறுக்கினேன் என்றான். பிறகு ஒருநாள் தண்ணீர் காலடியில் ஊறியதாம். ஏணிக்கு ஓடி ஏற நேரம் இருந்ததாம்.

"அதை விடும்மா, நான் சொல்றதைக் கேளு. அந்தத் தண்ணியில தேயிலை மிதந்துச்சு. கடல் பூரா தேத்தண்ணி வாசம்."

அகதா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்ல. குடிதான்," என்றாள்.

ஜெம் மனைவியைப் பார்த்தான். "நீயாவது நம்புறியா?"

அப்போது தான் செய்ததுதான் வாழ்நாளிலேயே மிகக் கடினமான வேலை என்று டார்கஸ் பிற்காலத்தில் சொன்னாள். வாளி சுமந்தது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லையாம். அவள் எழுந்து அவன் தட்டில் இன்னும் ஓர் உருளைக்கிழங்கை வைத்து, "சரி சரி, சாப்பிட்டுத் தூங்கு. ரொம்பக் களைச்சுப்போயிருக்க," என்றாள். அவன் முகம் வாடியதை அவள் பார்த்தாள்.

தெரு முனை மதுக்கடையில் அவனுக்குத் தேத்தண்ணி ஜெம் என்று பெயர் விழுந்தது. அவன் உள்ளே நுழைந்தாலே யாராவது எழுந்து, "கடல் இன்னைக்குப் பாலோடயா, பால் இல்லாமலா?" என்பார்கள். அவன் பதில் சொல்லாமல் குடிப்பான். கூட வந்த கப்பல்காரர்கள் சாட்சி சொல்லியிருக்கலாம். அவர்களில் பாதிப்பேர் அந்த யுத்தத்தில் போய்விட்டார்கள், மீதிப்பேர் புத்திசாலித்தனமாக வாயை மூடிக்கொண்டார்கள். யுத்தம் முடிந்தது. பொந்தின் விளக்குகளை ஒரு நாள் அணைத்துவிட்டு எல்லோரும் மேலே வந்து கண் கூச நின்றார்கள். வரைபட அறையைப் பழைய இரும்பு நாற்காலிகள் போட்டுவைக்கும் கிடங்காக்கினார்கள். அந்த நாற்காலிகளின் கால்கள் சீக்கிரமே துருப்பிடித்தன. கமாண்டர் பென்ஹாலோ கார்ன்வாலில் கடலோரமாக ஒரு வீடு வாங்கிக்கொண்டு போனார். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு டார்கஸுக்கு ஒரு பொட்டலம் தேயிலை அனுப்பினார், உள்ளே ஒரு வரியும் எழுதாமல். அகதா கடைசிவரை பட்டனைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இறந்துபோனாள். ஜெம் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றான். குழந்தைகள் பிறந்து, வளர்ந்து, தேத்தண்ணி ஜெம்மின் பிள்ளைகள் என்ற பெயரோடு கல்யாணம் செய்துகொண்டு போனார்கள்.

எழுபதுகளின் நடுவில், யுத்த கால ரகசியங்கள் பலவற்றுக்குக் காலம் முடிந்துவிட்டதாக அரசாங்கம் அறிவித்தது. வானொலியில் செய்தி வந்தபோது இருவரும் சமையலறையில் மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டார்கஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். மேஜர் வாங்கிய கையெழுத்திலிருந்து கடைசி வாளி வரை, மூழ்கிய இரண்டு கப்பல்கள் வரை, எதையும் விடாமல் சொன்னாள். மீன் ஆறிப்போனது.

"முப்பது வருஷத்துக்கு மேல," என்றான் கடைசியில். "நான் பைத்தியம்னு ஊரே சிரிச்சுது. நீ பக்கத்துல உக்காந்து உருளைக்கிழங்கு வச்ச."

"கையெழுத்துப் போட்டிருந்தேன், ஜெம்."

"என்னைவிட அந்தக் கையெழுத்து பெருசா?"

அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். திரும்பி வந்து உட்கார வெகுநேரம் ஆனது.

"நீ நீர்மூழ்கியை மிதக்கவிட்டேன்னு இவ்வளவு நாள் மனசுல வச்சுக் குமைஞ்சிருக்க. நான் ஒண்ணு சொல்றேன் கேளு. அங்க, அந்தச் சேத்துல, அவங்க சமையல்காரன் ஒருத்தன் நடந்து வந்தான். கையில ஒரு கோப்பை. உதடெல்லாம் வெடிச்சிருந்துச்சு. ஒண்ணும் பேசல, கோப்பையை நீட்டினான். எங்களுக்கே தண்ணி இல்ல. கேப்டனுக்குத் தெரியாம மோந்து குடுத்தேன். மறுநாளும் வந்தான். மறுநாளும் குடுத்தேன்." அவன் மேசையில் இருந்த உப்புச் சிதறலை விரலால் ஒதுக்கினான். "அப்புறம் அந்த ரெண்டு கப்பலும் போச்சு. எந்த நீர்மூழ்கி செஞ்சுதோ, யாருக்குத் தெரியும். எதிரிக்குத் தண்ணி குடுத்தேன்னு யார்கிட்ட சொல்ல முடியும்? உன்கிட்டயும் சொல்லல."

டார்கஸ் மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஜெம் திடீரென்று எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டான். "வா. போலாம்."

"எங்க?"

"எங்கன்னா? மதுக்கடைக்கு. அந்தப் பயலுங்க முன்னாடி நீ சொல்லணும். ஒரு வார்த்தை விடாம."

அவர்கள் கையைக் கோத்துக்கொண்டு தெரு முனை வரை நடந்தார்கள். ஜெம் இளைஞனைப் போல நிமிர்ந்து நடந்தான். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது, அவனைக் கேலி செய்தவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. சிலர் மயானத்தில் இருந்தார்கள், சிலர் மகள்கள் வீட்டில் இருந்தார்கள். இரண்டு பையன்கள் அம்பு எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கடையை அந்த வருடம்தான் வாங்கியிருந்த இளைஞன், டெரன்ஸ் என்று பெயர், கண்ணாடிக் குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஜெம்முக்கு வேறு வழியில்லை. "சொல்லு," என்றான். டார்கஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே முழுவதையும் சொன்னாள். பாதியில் பையன்கள் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

அவள் முடித்ததும் டெரன்ஸ் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்சம் யோசித்தான்.

"சுவர்ல கடல் கசிஞ்சுது, சரி. வத்திப்போச்சு, அதுவும் சரி. நீங்க கெண்டியில ஊத்துனதும் திரும்பி வந்துச்சு, நம்புறேன். எங்க மாமா வீட்டுலயும் ஒரு சுவர் அப்படித்தான். ஆனா அந்தக் கமிட்டி ஒரே சாயங்காலத்துல, எல்லாரும் ஒண்ணா சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தாங்கன்னு சொன்னீங்க பாருங்க..." அவன் தலையை ஆட்டினான். "மன்னிச்சுக்கோங்க மேடம், அதைத்தான் நம்ப முடியல."

பையன்கள் ஆமோதித்தார்கள். ஜெம் இரண்டு குவளை பியர் கேட்டான். டார்கஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"நானும் நம்பலப்பா," என்றாள். "டைப் பண்ணது மட்டும்தான் நான்."